சல்லடையில் நின்ற 38 பங்குகள்

கரும்பு அரைவை நடக்கும் மாதங்களில் கடலூரிலிருந்து பண்ருட்டிக்குப் பஸ் ஏறியவர்களுக்குத் தெரியும், நெல்லிக்குப்பம் வரை கரும்பு ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் ஊர்ந்துதான் போக வேண்டும். மார்ச் கடைசியில் பொதுவாக எந்தச் சர்க்கரை ஆலையின் கிடங்கைத் திறந்தாலும் மூட்டைகள் கூரையைத் தொடும் அளவுக்கு அடுக்கியிருக்கும். கரும்பைச் சில மாதங்களுக்குள் அரைத்தாக வேண்டும், சர்க்கரையை ஆண்டு முழுக்க விற்க வேண்டும். கரும்பு கொடுத்தவருக்கு 14 நாளில் பணம் தரச் சொல்கிறது 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை. தருகிறார்களா என்பதை விவசாயிகள் சங்கத்தில் கேட்டால் சொல்வார்கள், அது வேறு கதை. எப்படியானாலும் சரக்கு உச்சத்தில் இருக்கும் நேரத்தில்தான் ஆலையின் குறுகிய காலக் கடனும் உச்சத்தில் இருக்கும். நம் கம்பெனிகள் ஆண்டுக் கணக்கை மூடுகிற நாளும் அதே மார்ச் 31. செப்டம்பரில் பார்த்தால் மூட்டைகள் பெரும்பாலும் போயிருக்கும், கடனும் இறங்கியிருக்கும். ஆனால் ஆண்டறிக்கையில் அச்சாவது மார்ச் 31 அன்று எடுத்த படம்தான்.

அந்த ஒரு நாள் படத்தை வைத்துத்தான் இன்று செல்போனில் ஆயிரக்கணக்கான பங்குகளைச் சலித்துக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி தோண்டி மின்சாரம் எடுக்கும் என்.எல்.சி.யில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் சாயங்காலம் செல்போனோடு வந்தார். ஸ்கிரீனரில், அதாவது நிபந்தனை போட்டுப் பங்குகளைச் சலித்துத் தரும் தளத்தில், ஐந்து நிபந்தனை போட்டிருந்தார். பி.இ. (பங்கு விலை, ஒரு பங்குக்கான லாபத்தைப்போல் எத்தனை மடங்கு என்பது) 15-க்குக் கீழே, ஆர்.ஓ.இ. (பங்குதாரர் பணத்துக்கு வந்த லாபம்) 15 சதவீதத்துக்கு மேலே, கடனுக்கும் பங்குதாரர் மூலதனத்துக்குமான விகிதம் 0.5-க்குக் கீழே, மூன்றாண்டு லாப வளர்ச்சி 15 சதவீதத்துக்கு மேலே, புரமோட்டர், அதாவது கம்பெனியைத் தொடங்கி அதிகாரத்தில் வைத்திருப்பவர், கையில் பாதிக்கு மேல் பங்கு. சலித்து முடித்தபோது 38 கம்பெனிகள் நின்றன.

"தம்பி, இந்த 38-ல ஒரு பேர்கூட எனக்குத் தெரியல. எனக்குத் தெரிஞ்ச கம்பெனி எல்லாம் கீழ விழுந்துடுச்சு. இது என்ன கணக்கு?"

நல்ல கேள்வி. ஒவ்வொரு நிபந்தனைக்கு அடியிலும் 'தொழில் என்றால் இப்படித்தான் இருக்கும்' என்று ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது. மணல் சலிக்கிற சல்லடையில் கோதுமை மாவைக் கொட்டினால் எல்லாம் கீழே போய்விடும். அதற்கு மாவைக் குறை சொல்ல முடியாது.

இந்த முறைக்கு மூலவர் என்று பெஞ்சமின் கிரஹாமைச் சொல்லலாம். 1894-இல் பிறந்தவர், அமெரிக்காவில் பங்கு ஆய்வை ஒரு படிப்பாகவே ஆக்கியவர், வாரன் பஃபெட்டின் ஆசிரியர். அதிக சிரமப்பட விரும்பாத சாதாரண முதலீட்டாளருக்கு அவர் சில வரம்புகளை எழுதிவைத்தார். தொழில் துறைக் கம்பெனி என்றால் நடப்புச் சொத்து (ஓர் ஆண்டுக்குள் பணமாகக் கூடியது) நடப்புக் கடனைப்போல் (ஓர் ஆண்டுக்குள் கட்ட வேண்டியது) இரு மடங்காவது இருக்க வேண்டும். பத்து ஆண்டுகளில் ஓர் ஆண்டுகூட நஷ்டம் இருக்கக் கூடாது. இருபது ஆண்டுகள் விடாமல் டிவிடெண்ட் கொடுத்திருக்க வேண்டும். விலை, ஒரு பங்குக்கான லாபத்தைப்போல் 15 மடங்கைத் தாண்டக் கூடாது, புத்தக மதிப்பைப்போல் (சொத்திலிருந்து கடனைக் கழித்தால் ஒரு பங்குக்கு நிற்பது) ஒன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது. இந்த இரண்டில் ஒன்று கூடி மற்றது குறைந்தால் பரவாயில்லை, இரண்டையும் பெருக்கினால் 22.5-க்குள் வந்தால் போதும் என்று தளர்வும் கொடுத்தார்.

பி.இ. 15 என்ற எண் அங்கிருந்துதான் நம் செல்போனுக்கு வந்து சேர்ந்தது. வரும் வழியில் ஒன்று தவறிப்போனது. கிரஹாம் சொன்ன 15 மடங்கு கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்துக்கு. பத்தாண்டு வளர்ச்சியை அளக்கும்போதும் தொடக்கத்தில் மூன்று ஆண்டு, முடிவில் மூன்று ஆண்டு என்று சராசரிதான் எடுக்கச் சொன்னார். ஸ்கிரீனரில் நாம் தட்டுகிற பி.இ. பெரும்பாலும் கடைசி 12 மாத லாபத்தைக் கொண்டு கணக்கிட்டது.

சராசரி போனால் என்ன ஆகும்? கடலூர் சிப்காட் பகுதியில் பிவிசி ஆலை இருக்கிறது. வி.சி.எம். என்ற மூலப்பொருளைக் கப்பலில் கொண்டுவந்து, கடலோரத்தில் இறக்கி, பிவிசி ஆக்குகிறார்கள். வி.சி.எம். விலைக்கும் பிவிசி விலைக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் இந்தத் தொழிலின் சோறு. 2021-இல் உலகம் முழுக்க பிவிசி விலை உச்சத்துக்குப் போனது, 2022-இல் இறங்கியது. இப்படிப்பட்ட தொழிலில் இருக்கும் ஒரு கம்பெனியைக் கற்பனை செய்துகொள்வோம். பங்கு விலை 100 ரூபாய். உச்ச ஆண்டில் ஒரு பங்குக்கு லாபம் 20 ரூபாய், பி.இ. வெறும் 5. சல்லடையில் முதல் ஆளாக நிற்கும். மறு ஆண்டு லாபம் 4 ரூபாயாகச் சரிந்தால், விலை அசையாமல் இருந்தாலும் பி.இ. 25. அதாவது வாங்கக் கூடாத நேரத்தில் மலிவாகத் தெரியும், யோசிக்க வேண்டிய நேரத்தில் விலை அதிகமாகத் தெரியும். சர்க்கரை, சிமென்ட், இரும்பு, ரசாயனம் எல்லாவற்றுக்கும் இந்தக் கண்கட்டு உண்டு. மூன்று ஆண்டு லாபம் 6, 20, 4 என்றால் சராசரி 10, பி.இ. 10. அது கொஞ்சம் யோக்கியமான எண்.

மூன்றாண்டு லாப வளர்ச்சி என்ற நிபந்தனையிலும் இதே தொல்லைதான். தொடங்கும் ஆண்டு மட்டமாக இருந்தால் முடியும் ஆண்டு தானாகவே பிரமாதமாகத் தெரியும். கொரோனா ஊரடங்கு ஆண்டை அடியாக வைத்து எடுத்த வளர்ச்சி எண்களை நினைத்துப் பாருங்கள். சினிமா தியேட்டர், ஓட்டல் எல்லாம் விண்ணில் பறந்திருக்கும்.

அடுத்தது ஆர்.ஓ.இ. பங்குதாரர் போட்ட பணத்துக்கு எத்தனை சதவீதம் லாபம் வந்தது என்று சொல்கிற எண். புதுச்சேரி நேரு வீதியில் இரண்டு ஜவுளிக்கடைகள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் முதல் ஒரு கோடி, இரண்டிலும் வட்டிக்கு முந்தைய லாபம் 15 லட்சம். முதல் கடைக்காரர் முழுவதையும் சொந்தப் பணமாகப் போட்டவர். அவருடைய ஆர்.ஓ.இ. 15 சதவீதம். இரண்டாமவர் 40 லட்சம் சொந்தமாகப் போட்டு, 60 லட்சம் 10 சதவீத வட்டிக்கு வாங்கியவர். வட்டி 6 லட்சம் போக மிச்சம் 9 லட்சம். 40 லட்சத்துக்கு 9 லட்சம் என்றால் 22.5 சதவீதம். வரியை இப்போதைக்கு விட்டுவிடுவோம். எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டாமவர்தான் கெட்டிக்காரர். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து ஊரையே மிதக்கவிட்டதே, அப்படி ஓர் ஆண்டில் லாபம் 6 லட்சமாகக் குறைந்தால்? முதலாமவருக்கு 6 சதவீதம் கிடைக்கும். இரண்டாமவருக்கு வட்டி கட்டியது போக ஒன்றும் இல்லை.

மொத்த முதலுக்கு வட்டிக்கு முந்தைய லாபம் எத்தனை சதவீதம் என்று சொல்கிற ஆர்.ஓ.சி.இ. என்ற எண்ணை இதற்காகத்தான் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். சொந்தப் பணம், கடன் இரண்டையும் சேர்த்துக் கணக்கிடுவதால் நல்ல ஆண்டில் இரண்டு கடைக்கும் அது 15-தான். ஆர்.ஓ.இ. உயரத்தில் இருந்து ஆர்.ஓ.சி.இ. தாழ்ந்து கிடந்தால் கடன்தான் வேலை செய்கிறது என்று பொருள். ஆனால் ஆர்.ஓ.சி.இ.க்கும் எல்லாரும் ஒரே சூத்திரம் வைத்திருப்பதில்லை. ஒரு தளம் மற்ற வருமானத்தைச் சேர்க்கும், இன்னொன்று சேர்க்காது. ஒன்று ஆண்டு இறுதி மூலதனத்தை எடுக்கும், இன்னொன்று தொடக்கத்துக்கும் முடிவுக்கும் சராசரி எடுக்கும். ஒரே கம்பெனிக்கு ஒரு தளத்தில் 14.6, இன்னொன்றில் 15.3 வருவது சகஜம். 15 என்று கோடு போட்டால் ஒன்றில் பெயில், மற்றதில் பாஸ். பத்தாம் வகுப்பில் 34 மார்க் வாங்கியவனுக்கும் 35 வாங்கியவனுக்கும் அறிவில் என்ன வித்தியாசம் இருந்துவிடப் போகிறது?

பெரியவருக்கு உண்மையில் உறுத்தியது அவர் வேலை பார்த்த இடம் விழுந்ததுதான். "முப்பது வருஷம் சம்பளம் வாங்கியிருக்கேன், அது மோசமான கம்பெனியா?" என்றார்.

மோசம் என்பதல்ல, சல்லடையின் கண் வேறு. என்.எல்.சி. பழுப்பு நிலக்கரியைத் தோண்டி, பக்கத்திலேயே எரித்து, மின்சாரமாக்கி, தமிழகம், புதுச்சேரி உள்ளிட்ட மாநிலங்களுக்குத் தருகிறது. அந்த மின்சாரத்தின் விலையை மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் தீர்மானிக்கிறது. ஆணையத்தின் கணக்கில் ஒரு மின் நிலையத்தின் முதலீட்டில் 70 பங்கு கடன், 30 பங்கு சொந்த மூலதனம். அந்த 30 பங்குக்கு அனல் மின் நிலையம் என்றால் பல ஆண்டுகளாக 15.5 சதவீத வருவாயை அனுமதித்துவருகிறது. இப்போது பெரியவரின் நிபந்தனைகளைத் திரும்பப் பாருங்கள். 70-க்கு 30 என்றால் கடன் விகிதம் 2.33. அந்த விகிதத்தில் புதிதாகக் கட்டிய மின் நிலையம் 0.5 என்ற கண்ணில் நிற்க முடியாது. அனுமதித்த வருவாயே 15.5 என்னும்போது, ஆர்.ஓ.இ. 15-க்கு மேல் வேண்டும் என்பது மயிரிழையில் தொங்கும் நிபந்தனை. 20 என்று கேட்டால் வாசலிலேயே அடைப்பு.

கட்டுமானத்தில் இருக்கும் ஆண்டுகள் இன்னும் கெடுதல். நெய்வேலியில் 1,000 மெகாவாட் புதிய அனல் மின் நிலையம் 2019 கடைசியில் ஓர் அலகு, 2021 தொடக்கத்தில் ஓர் அலகு என்று ஓடத் தொடங்கியது. அதுவரை பல ஆண்டுகள் பணம் உள்ளே போனதே தவிர, அதிலிருந்து ஒரு யூனிட் மின்சாரம் விற்கவில்லை. லாபத்தை முதலால் வகுக்கும் ஆர்.ஓ.சி.இ.யின் கீழ்ப்பகுதியில் அந்தப் பணம் முழுதும் உட்கார்ந்திருக்கும், மேல்பகுதியில் அதிலிருந்து வந்த லாபம் ஒன்றும் இருக்காது. ஸ்கிரீனருக்கு இது சோம்பேறிக் கம்பெனி என்று தெரியும். பெரியவருக்கு அங்கே கிரேன் நின்றது தெரியும்.

இதற்காக என்.எல்.சி. பங்கை வாங்குங்கள் என்று சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். விலையை ஆணையம் தீர்மானிக்கிறது, பெரும்பான்மைப் பங்கு அரசிடம் இருக்கிறது, நிலம் எடுப்பு சண்டை ஓயவில்லை. அவற்றையெல்லாம் தனியாக எடைபோட வேண்டும். அந்த எடைபோடலை ஐந்து எண்கள் செய்துவிடும் என்று நம்புவதுதான் சிக்கல்.

வங்கிகளுக்கு வந்தால் கடன் விகிதம் என்பதே பொருளற்றது. புதுச்சேரியில் மற்ற வங்கிகளை ஒருங்கிணைக்கும் லீட் பேங்க் இந்தியன் வங்கி. அதில் நீங்கள் போட்டிருக்கும் பிக்சட் டெபாசிட் வங்கியின் கணக்கில் பொறுப்புதான், கொடுக்க வேண்டிய பணம். அடுத்தவர் பணத்தை வாங்கிக் கடன் கொடுப்பதே தொழில் என்னும்போது கடன் இல்லாத வங்கியை எங்கே தேடுவது? அங்கே பார்க்க வேண்டியவை வேறு. 90 நாளுக்கு மேல் தவணை வராத வாராக்கடன் எத்தனை சதவீதம், சேமிப்பு, நடப்புக் கணக்குகளில் கிடக்கும் மலிவான பணம் எவ்வளவு, மூலதனப் போதுமை, அதாவது கொடுத்த கடன் மூழ்கினால் தாங்கும் சொந்தப் பணம், எவ்வளவு. அதனால் வங்கியை எப்போதும் தனிச் சல்லடையில் போடுவேன்.

புரமோட்டர் பாதிக்கு மேல் வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது ஐ.டி.சி.யையும் எல் அண்ட் டி.யையும் வெளியே தள்ளிவிடும். இரண்டுக்கும் புரமோட்டர் என்று ஒருவர் கிடையாது. புரமோட்டர் பங்கில் எத்தனை சதவீதம் அடமானத்தில் இருக்கிறது என்று பார்ப்பது அதைவிட உபயோகம்.

இன்னொரு குழி, கம்பெனியின் தனிக் கணக்கா, துணைக் கம்பெனிகளையும் சேர்த்த ஒருங்கிணைந்த கணக்கா என்பது. நெல்லிக்குப்பத்தில் 1840-களிலேயே சர்க்கரை உற்பத்தியில் இறங்கிய பாரி, இன்று இ.ஐ.டி. பாரி என்ற பெயரில் சந்தையில் இருக்கிறது. அந்தக் கம்பெனிதான் கோரமண்டல் இன்டர்நேஷனல் என்ற உரக் கம்பெனியில் பாதிக்கு மேல் பங்கு வைத்திருக்கிறது. ஒருங்கிணைந்த கணக்கில் உரக் கம்பெனியின் விற்பனை முழுவதும் வந்து சேர்ந்துவிடும். சர்க்கரை அதற்குள் கரைந்து போகும். 'நம்ம ஊர் சர்க்கரை ஆலை' என்று நினைத்து நீங்கள் பார்க்கும் விகிதங்களில் பெரும்பகுதி பாஸ்பேட் உர வியாபாரத்தின் விகிதங்கள். ஸ்கிரீனரின் ஓரத்தில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், தனிக் கணக்குக்கு மாற்றிக்கொள்ள. பலர் அதைத் தொட்டதே இல்லை.

சரி, இவ்வளவு ஓட்டை இருந்தால் சலிப்பதே வேண்டாமா? வேண்டும். இரண்டு பங்குச் சந்தைகளிலும் பட்டியலாகியிருக்கும் ஆயிரக்கணக்கான கம்பெனிகளின் ஆண்டறிக்கையை யாரால் படிக்க முடியும்? நிபந்தனைகளை எந்த வரிசையில் வைக்கிறோம், எதோடு எதை ஒப்பிடுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் ஜோசப் பியோட்ரோஸ்கி என்ற பேராசிரியர் முன்வைத்த ஒன்பது புள்ளி முறை எனக்குப் பிடிக்கும். கம்பெனிக்கு லாபம் உண்டா, தொழிலிலிருந்து ரொக்கம் வந்ததா, ரொக்கம் லாபத்தைவிட அதிகமா என்பவை போக, மிச்சம் ஆறும் போன ஆண்டோடு செய்யும் ஒப்பீடு. சொத்தின் மீதான வருவாய் கூடியதா, நீண்டகாலக் கடன் சுமை குறைந்ததா, நடப்பு விகிதம் (நடப்புச் சொத்து, நடப்புக் கடனைப்போல் எத்தனை மடங்கு) உயர்ந்ததா, புதுப் பங்கு வெளியிடாமல் சமாளித்ததா, மொத்த லாப விகிதம் ஏறியதா, சொத்தைச் சுழற்றும் வேகம் கூடியதா. ஆம் என்றால் ஒரு புள்ளி. சர்க்கரை ஆலையின் இந்த மார்ச் 31-ஐப் போன மார்ச் 31-ஓடு ஒப்பிடுகிறோம். கிடங்கு இரண்டு ஆண்டும் நிறைந்தேதான் இருந்திருக்கும், அதனால் அந்த ஏமாற்று பெரும்பாலும் கழிந்துபோகும்.

என் வரிசை இது. முதலில் தொழில்வாரியாகப் பிரிப்பேன். பிறகு பத்தாண்டில் நஷ்டம் வந்ததா என்று பார்ப்பேன். அடுத்து, ஐந்தாண்டு நிகர லாபத்தைக் கூட்டி ஒரு பக்கம், ஐந்தாண்டு தொழில்வழி ரொக்க வரவைக் கூட்டி மறுபக்கம். லாபம் 500 கோடி என்று எழுதி, ரொக்கம் 150 கோடிதான் வந்திருந்தால், மிச்சம் யாரோ தர வேண்டிய பாக்கியாகவோ விற்காத சரக்காகவோ கிடக்கிறது. மின் வாரியங்களுக்கு விற்கும் கம்பெனிகளுக்கு இது பழைய வியாதி. 2022 ஜூனில் மத்திய அரசு கொண்டுவந்த தாமதக் கட்டண விதிகள், பழைய பாக்கியை 48 மாதத் தவணை வரை பிரித்துக் கட்ட வழி செய்தன. அந்தத் தவணைகள் வரும் ஆண்டில் ரொக்கம் லாபத்தைவிட அதிகமாகத் தெரியும். ஒரே ஓர் ஆண்டைப் பார்த்து ஆகா என்று துள்ளக் கூடாது என்பதற்குத்தான் ஐந்தாண்டு. அப்புறம் தொழிலுக்கேற்ற ஆர்.ஓ.சி.இ., வட்டியைத் தாங்கும் திறன், அடமானம். பி.இ.யைக் கடைசியில்தான் வைப்பேன். அதை முதலில் வைத்தால் மலிவான சரக்குகளுக்கு நடுவே நல்லதைத் தேட வேண்டிவருகிறது. நல்லவற்றுக்கு நடுவே மலிவைத் தேடுவது எனக்குச் சுலபமாக இருக்கிறது.

இத்தனைக்கும் அகப்படாத ஒன்று உண்டு. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். கணக்கில் கடன் சொற்பம், லாபம் ஏறுமுகம். எந்தச் சல்லடையிலும் மேலேயே நின்றிருக்கும். 'இருப்புக்கு ஏற்ற வட்டி வருகிறதா என்று பார்த்தால் பிடித்துவிடலாம்' என்று பின்னாளில் பலர் சொன்னார்கள். அந்தக் கடிதத்திலேயே வராத வட்டி 376 கோடியையும் கணக்கில் எழுதிவைத்திருந்ததாக இருக்கிறது. எண்ணுக்கு எண் பொருத்தியிருந்தார்கள். சந்தைக்கு உறைத்தது வேறொரு சம்பவம். மூன்று வாரம் முன்பு, 2008 டிசம்பரில், ராஜு குடும்பத்தின் மேடாஸ் என்ற கட்டுமான, ரியல் எஸ்டேட் கம்பெனிகளைச் சத்யத்தின் பணத்தில் வாங்கப்போவதாக அறிவித்தார்கள். மென்பொருள் கம்பெனிக்கு எதற்கு ரியல் எஸ்டேட் என்று முதலீட்டாளர்கள் கொதித்ததும் கைவிட்டார்கள். அந்தக் கேள்வியைக் கேட்கக் கணக்குப் படிப்பு தேவையில்லை.

ஆகவே சலித்து நின்றவற்றின் ஆண்டறிக்கையில் நான் முதலில் புரட்டுவது, சம்பந்தப்பட்ட தரப்பினருடன் நடந்த கொடுக்கல் வாங்கல் பற்றிய குறிப்பு. மைத்துனர் கம்பெனிக்குக் கடன், மகன் பெயரில் உள்ள கட்டடத்துக்கு வாடகை, எல்லாம் அங்கேதான் சின்ன எழுத்தில் இருக்கும்.

பெரியவரிடம் 38-ஐ மூடிவைத்துவிட்டு, கீழே விழுந்தவற்றில் அவருக்குத் தெரிந்த தொழில்களை மட்டும் பொறுக்கச் சொன்னேன். ஏழெட்டுப் பெயர் எழுதினார், எல்லாம் மின்சாரம், சுரங்கம், கொதிகலன் சம்பந்தப்பட்டவை. முதலில் தன் பழைய கம்பெனியின் ஆண்டறிக்கையையே எடுத்தார். லாப நட்டக் கணக்கில் 'ஒழுங்குமுறை ஒத்திவைப்புக் கணக்கு' என்ற பொருள்படும் ஒரு வரியில் என் விரல் நின்றது.

"அது ஒண்ணுமில்ல தம்பி. செலவு இந்த வருஷமே ஆயிடும். அத டாரிஃப்ல ஏத்தி வசூல் பண்றதுக்கு ஆணையம் ஆர்டர் போடணும், அது மெதுவாத்தான் வரும். அதுவரைக்கும் வர வேண்டியதுன்னு எழுதி வெப்பாங்க. அந்த ஆர்டருக்கு நாங்க எத்தன தடவ டில்லிக்கு ஃபைல் தூக்கியிருக்கோம்!" என்று சொல்லிவிட்டு, அந்த வரி முந்தைய ஐந்து ஆண்டுகளில் எவ்வளவு இருந்தது என்று தேட ஆரம்பித்தார்.